கடலோரத்தில் ஐந்து சின்னப் பள்ளிக்கூடங்கள்: எதைச் சேர்ந்து செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

உப்புக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவில், ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் பிரிந்து போகிற ஊர்களில் ஐந்து பள்ளிகள். மூன்று ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி (22, 31, 47 பிள்ளைகள், மூன்றிலும் இரண்டிரண்டு ஆசிரியர்), ஒரு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி, ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. பெற்றோர் வள்ளம், விசைப்படகு, கருவாடு, பாசி, கரிமூட்டம், கூலி என்று கலவை.

ஐந்து எச்.எம்.களும் சேர்ந்து இயங்கலாம் என்று பேசிவைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பிள்ளைகளை ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டிப்போவது, பொது நூலகம், அறிவியல் சாமான் பகிர்வு, ஆன்லைனில் கூட்டு வகுப்பு என்றெல்லாம் யோசனை. டவுனில் ஒரு தனியார் பள்ளியும் 'உங்களோடு இணைகிறோம்' என்கிறது. எதில் ஆரம்பிக்கலாம்? எது தேறாது என்பதையும் சொல்லுங்கள்.

மரக்கலம்:

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் போடுங்க. செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

மூணு தொடக்கப் பள்ளியில அஞ்சாவது முடிக்கிற பிள்ளைங்க, நடுநிலையில எட்டாவது முடிக்கிற பிள்ளைங்க. இந்த ரெண்டு இடத்துலதான் பிள்ளை நழுவும். பழைய பள்ளி 'டி.சி. குடுத்தாச்சு'ன்னு கையைத் தட்டிக்கும். புதுப் பள்ளிக்கு அப்படி ஒரு பிள்ளை இருக்குறதே தெரியாது. எமிஸ்ல (அரசோட மாணவர் பதிவுத் தளம்) அது காமன் பூல்ல, அதாவது எந்தப் பள்ளியிலயும் சேராத பிள்ளைங்க பட்டியல்ல கிடக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க. ரெண்டு பள்ளிக்கும் நடுவுல இருக்குற அந்த ஓட்டையை எந்தப் பள்ளியும் தனியா அடைக்க முடியாது.

மார்ச் கடைசி வாரத்துல பட்டியல் ரெடியாகணும். பெயர், எமிஸ் எண், அப்பா போன், அம்மா போன் (அப்பா கடல்ல இருந்தா எடுக்க மாட்டார்), எந்தப் பள்ளிக்குப் போறதா சொல்றாங்க, எந்த பஸ். கடைசிக் கட்டம் காலியா இருக்கட்டும், சேர்ந்த தேதிக்கு. ஏப்ரல்ல சேர்க்கிற பள்ளியோட ஆசிரியர் ஒருத்தர் தொடக்கப் பள்ளிக்கு வந்து அரை மணி நேரம் அந்தப் பிள்ளைங்ககிட்டப் பேசணும். முகம் தெரிஞ்சா பாதி பயம் போயிடும்.

இப்ப முக்கியமான விஷயம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறக்குறதும் பெரும்பாலும் ஜூன் முதல் பாதியிலதான். எட்டாவது முடிச்ச பையன் லீவுல வலை பின்ன, படகுக்குப் பெயிண்ட் அடிக்கன்னு போயிருப்பான். தடை முடிஞ்சு படகு இறங்குற அன்னிக்கு ஆள் குறைஞ்சா அவனையே ஏத்திக்குவாங்க. அதனால பட்டியலை ஜூன் 10 ஒரு தடவை, ஜூன் 20 ஒரு தடவை சரிபாருங்க. முதல் தடவை 'இன்னும் வரலை'ன்னு இருக்கும், அது பரவாயில்லை. ரெண்டாவது தடவையும் காலியா இருக்குற பெயரைத் தேடி வீட்டுக்குப் போகணும். ஜூலைன்னா அவன் கையில காசு பார்த்திருப்பான், திருப்புறது ரொம்பச் சிரமம்.

கருவேலங்காடு:

மரக்கலம் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. பெண் பிள்ளைக்குக் காரணம் வேற. பஸ் பாஸ் இலவசம்தான், ஆனா அந்த ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு வருதுங்குறதுதான் கேள்வி. பட்டியல்ல பஸ் நேரத்தை எழுதும்போதே தெரிஞ்சிடும், நாலே காலுக்குப் பள்ளி விட்டு அடுத்த பஸ் ஆறு மணின்னா அந்த வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. ஒரு ஊர்லிருந்து நாலு பொண்ணு சேர்ந்து போகும்னா அனுப்புவாங்க. ஒத்தையா அனுப்ப மாட்டாங்க. எந்த ஊர்லிருந்து யார் யார் ஒண்ணா போகலாம்னு அஞ்சு பட்டியலையும் ஒண்ணா வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

ஒன்றியக் கோப்பு:

நிர்வாகப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆர்வத்தில் ஆரம்பித்துத் தணிக்கையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க உதவும்.

முதலில், ஐந்து பள்ளிகளும் ஒரே ஒன்றியத்தில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கரையில் திருப்புல்லாணியும் கடலாடியும் ஒட்டிக்கிடக்கின்றன. இரண்டு ஒன்றியம் என்றால் இரண்டு வட்டாரக் கல்வி அலுவலர்கள், இரண்டு அனுமதிகள். உதவி பெறும் பள்ளிக்குத் தாளாளரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும்.

ஆசிரியரை ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு 'சும்மா ஒரு பீரியட்' அனுப்புவது கூடாது. மாற்றுப்பணி ஆணை இல்லாமல் வெளியே இருக்கும்போது ஏதாவது நடந்தால் இரண்டு எச்.எம்.களும் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் குறுவள மையக் கூட்டத்தை (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டம்) பயன்படுத்துங்கள். எல்லாரும் ஆணையோடு ஒரே இடத்தில் கூடுகிற நாள் அது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் முக்கால் மணி நேரம் கேட்டு வாங்கினால் உங்கள் ஐந்து பள்ளி வேலையை அங்கேயே முடிக்கலாம். தனிப் பயணம், தனி அனுமதி எதுவும் தேவையில்லை.

பணம்: சமக்ர சிக்ஷா (மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் பள்ளிக் கல்வித் திட்டம்) வரையறையில் பள்ளி மானியத்தின் உச்சவரம்பு 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, அதற்கு மேல் 100 வரை ரூ.25,000. இதில் பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. உங்கள் கணக்கில் 22 பேர் பள்ளிக்கும் 31 பேர் பள்ளிக்கும் நடுவே ரூ.15,000 வித்தியாசம், ஆனால் சாக்பீஸ், மின்கட்டணம், விளக்குமாறு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். சின்னப் பள்ளி தனியாக எதையும் வாங்க முடியாததற்கு இதுவே காரணம். நிதி வரும் மாதமும் நிச்சயமில்லை. 2024-25இல் மத்தியப் பங்கு தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஐந்து பள்ளிப் பணத்தையும் ஒரே கணக்கில் போட்டு வாங்கக் கூடாது. பொருள் எந்தப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறும் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. வழி இதுதான்: ஒவ்வொரு பள்ளியும் வேறு வேறு பொருளை வாங்கட்டும். ஒன்று உலக உருண்டையும் வரைபடங்களும், ஒன்று அறிவியல் சாமான், ஒன்று படக்கதைப் புத்தகம், ஒன்று விளையாட்டுச் சாமான். வாங்கிய பள்ளியின் பதிவேட்டில் பொருள் இருக்கும். 'தற்காலிக வெளியனுப்புகை' என்று ஒரு நோட்டு போட்டு, போன தேதி, வாங்கியவர் கையெழுத்து, திரும்பிய தேதி எழுதுங்கள். ஆய்வுக்கு வரும் அன்று பொருள் பக்கத்துப் பள்ளியில் இருந்தால் அந்த நோட்டைக் காட்டலாம்.

வாளிமூடி:

கோப்பு சார் சொன்ன முறையில் பொருள் சுற்றுவதற்கு நடைமுறை சொல்கிறேன். பொருள் காணாமல் போவதைவிட பீரோவுக்குள் போவதுதான் பெரிய வியாதி. சாவி எச்.எம். கையில், எச்.எம். கூட்டத்தில், பொருள் உள்ளே. சுற்றில் வரும் பெட்டி பீரோவுக்குள் வைக்கப்படாது, வகுப்பறை மூலையில்தான் இருக்கும் என்பதை முதல் விதியாக வையுங்கள். கிழிந்தாலும் பரவாயில்லை என்று ஐந்து எச்.எம்.களும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் டீச்சர் பயந்து எடுக்கவே மாட்டார்.

பெட்டியை யார் தூக்குவது? ஸ்கூட்டியில் வரும் ஆசிரியர்தான். எனவே கால் வைக்கும் இடத்தில் நிற்க வேண்டும். 20 லிட்டர் பெயிண்ட் வாளி இதற்கென்றே செய்தது போல இருக்கும். மூடி இறுக்கம், கைப்பிடி உண்டு, உப்புக்காற்று உள்ளே போகாது. அறிவியல் சாமானுக்கு அது சரி. புத்தகத்துக்குச் சரிப்படாது, பெரிய படப்புத்தகம் வட்ட வாளியில் வளைந்துவிடும். அதற்கு மூடி போட்ட சதுர பிளாஸ்டிக் டப்பா. மெல்லிய புத்தகம் 60 வைத்தால் ஏறக்குறைய 6 கிலோ. அதற்கு மேல் வேண்டாம், தூக்குகிறவர் இரண்டாவது மாதம் சாக்கு சொல்வார்.

வாளிக்குள்: கைலென்ஸ் 6, சட்டக்காந்தம் 2 ஜோடி, காந்த ஊசிப்பெட்டி 1, ஆல்கஹால் வெப்பமானி 2 (பாதரசம் வேண்டவே வேண்டாம்), டார்ச் பல்பு 6, பேட்டரி செல் 6, உறை போட்ட செம்புக்கம்பி 5 மீட்டர், சின்னக் கண்ணாடி 4, கயிறு, அளவு நாடா. மூடியின் உட்புறம் பட்டியலை ஒட்டி அதன்மேல் செலோ டேப் போடுங்கள்.

நம்ம கரையில் கெடுகிற விதம் தனி. முதலைவாய் கிளிப் நாலு மாதத்தில் துருப்பிடித்துப் பல்லிளிக்கும், அப்புறம் பல்பு எரியாது, பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைக்கும். கிளிப்பே வேண்டாம், கம்பி முனையைச் சுரண்டி முறுக்கட்டும். செல்லைத் தனி உறையில் போடுங்கள். கருவிக்குள்ளேயே விட்டால் கசிந்து எல்லாவற்றையும் தின்றுவிடும். காந்தத்தை மணலில் விட்டால் இரும்புத்துகள் ரோமம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. முதலிலேயே மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுங்கள். பிறகு கவரை உள்வெளியாகத் திருப்பினால் துகள் தனியாக வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது பாடத்தைவிடப் பிடிக்கும்.

ஒரு பள்ளியில் 20 வேலைநாள். மாற்றும் நாள் குறுவள மையக் கூட்ட நாளாக இருந்தால் தனிப் பயணமும் இல்லை.

தென்கடல்:

எல்லாம் சரி, ஆனால் நீங்கள் பிள்ளைகளை நகரவே விடமாட்டேன் என்கிறீர்கள். 22 பிள்ளை இருக்கும் பள்ளியில் நாலாம் வகுப்பில் மூணு பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் கபடி ஆட எதிரணி கிடையாது, நாடகம் போட ஆள் கிடையாது. பொருள் சுற்றினால் அது தீருமா? வருஷத்துக்கு இரண்டு முறையாவது பிள்ளைகள் நேரில் சந்திக்க வேண்டும்.

ஒன்றியக் கோப்பு:

சந்திக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதம் ஒருமுறை என்பதுதான் நடக்காது. ஒவ்வொரு பயணத்துக்கும் பெற்றோர் ஒப்புதல் கடிதம், வட்டாரக் கல்வி அலுவலர் அனுமதி, வண்டி. 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் நாலு, ஐந்தாம் வகுப்பைக் கூட்டிப் போனால் மற்றவர் ஒன்று, இரண்டு, மூன்றோடு நிற்க வேண்டும். அன்று அவர் விடுப்பு எடுத்தால் பயணம் ரத்து.

இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை, சத்துணவு. பிள்ளைகள் போகிற பள்ளியில் அரிசியும் முட்டையும் அங்குள்ள எண்ணிக்கைக்குத்தான் இருக்கும். இரண்டு அமைப்பாளர்களுக்கும் இரண்டு நாள் முன்பே சொல்லி, தங்கள் பள்ளி முட்டையை வேகவைத்துக் கையோடு கொண்டுபோவதுதான் தகராறு இல்லாத வழி.

கருவேலங்காடு:

மாசமும் பாருங்க. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். மழை, புயல் எச்சரிக்கை, திடீர் லீவு. ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்லது. ஆகஸ்டும் சரி, ஆனா காத்து மண்ணை வாரி அடிக்கும், மைதான விளையாட்டைக் காலையிலேயே முடிச்சிடுங்க. இடமும் முக்கியம். விசைப்படகுக்காரங்க ஊரும் நாட்டுப்படகுக்காரங்க ஊரும் கடல்ல வலை அறுந்த தகராறுல இருந்தா, ஒரு ஊர்ப் பிள்ளை இன்னொரு ஊருக்குப் போகாது. அந்த வருஷம் உயர்நிலைப் பள்ளி மைதானத்துல வெச்சுக்குங்க. எப்படியும் அங்கதான் பிள்ளைங்க படிக்கப் போகுது.

பெற்றோர் கூட்டத்துக்கும் இதே மாதிரி நாள் பார்க்கணும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள்னு முறை இருக்கு. உங்க பக்கம் எந்த முறைன்னு சங்கத்துல கேட்டு, கடலுக்குப் போகாத நாளா வைங்க. வெள்ளிக்கிழமைன்னா ஜும்ஆ முடிஞ்சு மூணு மணிக்கு மேல. கருவாடு காயப்போடுற அம்மாமாருக்கும் அந்த நேரம்தான் தோதுப்படும்.

பாம்பன்சிக்னல்:

ஆன்லைன் கூட்டு வகுப்பைப் பற்றி யாரும் தொடவில்லை. ஒரு வகுப்பறை, ஒரு போன், முப்பது பிள்ளை என்றால் அது வேலை செய்யாது. சிக்னலைக் குறை சொல்வோம், ஆனால் முதலில் போவது சத்தம். மின்விசிறி, கடற்காற்று, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு எல்லாம் மைக்கில் ஏறும். மறுமுனையில் ஸ்பீக்கர் சத்தமே திரும்ப மைக்கில் போய் எதிரொலிக்கும். பத்து நிமிஷம் 'கேக்குதா, கேக்குதா'.

நேரலையை விட்டுவிட்டு இரண்டு நிமிஷக் குரல் பதிவு அனுப்புங்கள். அரை எம்.பி.கூட ஆகாது, சிக்னல் வரும்போது போய்ச் சேரும். ஒரு பள்ளி கேள்வி கேட்டு அனுப்ப, இன்னொரு பள்ளி மறுநாள் பதில் அனுப்பட்டும். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தி, போனைப் பிள்ளை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'காலை வணக்கம்' படம் போடத் தடை போடாவிட்டால் மூன்றாம் வாரம் எல்லாரும் ஒலியை அடைத்துவிடுவார்கள்.

வாளிமூடி:

குரல் பதிவில் என்ன அனுப்புவது என்பதற்கு ஒரு யோசனை. ஐந்து பள்ளியும் ஒரே பொருளை அளக்கட்டும். மழைமானி சுலபம். இரண்டு லிட்டர் பாட்டிலின் தோளை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும், அதனால் சுவர் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் வைத்து அளவுகோலை ஒட்டுங்கள். மணல் நிரப்பிய வாளியில் புதைத்தால் காற்றில் சாயாது. அந்தப் பூஜ்யத் தண்ணீர் வெயிலில் குறையும், தினமும் 9.15க்கு அளவெடுத்ததும் மறுபடி கோட்டுக்கு நிரப்ப வேண்டும். பனைமரத்தடியில் வைக்காதீர்கள், ஓலைச் சொட்டு எல்லாம் கணக்கில் ஏறிவிடும்.

தண்ணீரின் உப்பை ஸ்ட்ராவில் களிமண் வைத்து மிதக்கவிட்டு அளக்கலாம் என்று பலர் செய்கிறார்கள். கடல்நீருக்கு மட்டும் அது பலிக்கும். ஸ்ட்ரா 15 செ.மீ. மூழ்கினால் கடல்நீரில் சுமார் மூன்றரை மி.மீ. மேலே வரும், கண்ணுக்குத் தெரியும். லிட்டருக்கு 3 கிராம் உப்பு உள்ள கிணற்றுநீரில் அரை மி.மீ.கூட வராது. கிணற்றுக்குக் கிணறு ஒப்பிட சில நூறு ரூபாய் டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் கருவி) ஒன்றை வாளியில் போட்டுச் சுற்றில் விடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 2000 வரை. மீட்டரைக் கடலில் முக்கினால் அளவு தாண்டிவிடும், அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்தால் அடுத்த பள்ளிக்குத் தவறான எண்தான் கிடைக்கும்.

தென்கடல்:

இதைக் கொஞ்சம் விரித்தால் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஒரு பள்ளியைச் சேர்த்துக்கொள்ளலாம். தினம் பத்து மணிக்கு அலை சின்னதா, நடுத்தரமா, பெரிசா, காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் குறித்தால் போதும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆடியில் உங்கள் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், அங்கே வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கிக் கிடக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும் கார்த்திகையில் நேர் எதிர். அப்பா ஏன் படகை அந்தப் பக்கம் கொண்டுபோகிறார் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். பருவக்காற்றுப் பாடம் நடத்த அதைவிட நல்ல ஆரம்பம் எது?

மரக்கலம்:

நல்லா இருக்கு. எட்டாம் வகுப்புக்கு இன்னொண்ணு: என்.எம்.எம்.எஸ். தேர்வு, மத்திய அரசோட உதவித்தொகைத் தேர்வு. தேறினா ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாசம் ரூ.1000. மனத்திறன் 90 கேள்வி, படிப்பறிவு 90 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 90 நிமிஷம். நடுநிலையில எட்டுப் பேர், உயர்நிலையில இருபது பேர்னு தனித்தனியா பயிற்சி குடுத்தா யாருக்கும் போட்டி தெரியாது. ரெண்டு பள்ளிக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நாள், விடைத்தாளை மாத்தித் திருத்துங்க. நம்ம பிள்ளைன்னு இரக்கப்பட்டு மார்க் போட முடியாது. மனத்திறன் கேள்வியில பிள்ளை தோக்குறது அறிவுல இல்லை, நேரத்துல. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்னு பழக்குங்க. வருமானச் சான்று ஜூலையிலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்க, விண்ணப்ப நேரத்துல இ-சேவை மையத்துல கூட்டம் அள்ளும்.

கருவேலங்காடு:

ஒரு சங்கடமான கேள்வி. அஞ்சு பள்ளி சேர்ந்து நடக்குதுன்னு பேர் வந்தா, 'அப்ப ரெண்டை மூடி ஒண்ணாக்கிடலாமே'ன்னு யாராவது ஆரம்பிப்பாங்களே? ஊர்ல முதல்ல இதைத்தான் கேப்பாங்க.

ஒன்றியக் கோப்பு:

நியாயமான பயம். பள்ளி வளாகம் என்ற யோசனை 1964-66 கோத்தாரி குழுவிலேயே இருக்கிறது. ஒரு உயர்நிலைப் பள்ளியைச் சுற்றிச் சிறு பள்ளிகள் துணையாக இயங்குவது அது. 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் திரும்ப வந்தபோது இணைப்புப் பேச்சும் கூடவே வந்தது, அதனால்தான் அந்தச் சொல்லே இங்கே கசக்கிறது. நீங்கள் 'வளாகம்', 'தொகுப்பு' என்று பெயர் வைக்காதீர்கள். பெயர்ப்பலகை வேண்டாம், தொடக்க விழா வேண்டாம். ஒவ்வொரு பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் தனித்தனியாகத் தீர்மானம் போடுங்கள்: 'பொருள் பரிமாற்றத்துக்கும் சேர்க்கைத் தொடர்பணிக்கும் மட்டும்'. அந்த 'மட்டும்' இருக்கட்டும்.

தனியார் பள்ளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவர்கள் ஒருநாள் வந்து பென்சில் கொடுத்து போட்டோ எடுத்துப் போவதில் உங்களுக்கு ஒரு நாள் பாடம்தான் நஷ்டம். அவர்களுடைய ஆய்வகத்தை எட்டாம் வகுப்புக்கு ஒரு முழு நாள் கேளுங்கள். பதிலுக்கு அவர்கள் பிள்ளைகள் கடற்கரைக்கு வந்து மீன் பெயரும் வலைக்கண்ணி அளவும் கற்றுப் போகட்டும். அது ஒத்துவராது என்றால் மரியாதையாக நன்றி சொல்லிவிடலாம்.

உப்புக்காத்து:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: மார்ச்சில் பட்டியல், ஜூன் 10, 20 சரிபார்ப்பு. ஒரு வாளி, ஒரு புத்தக டப்பா, 20 நாள் சுற்று. பிப்ரவரியில் ஒரே ஒரு சந்திப்பு, உயர்நிலைப் பள்ளி மைதானத்தில். ஆன்லைன் வகுப்பும் தனியார் பள்ளியும் அடுத்த வருஷத்துக்கு.

வாளிமூடி சார், ஒரு சந்தேகம். பழைய பெயிண்ட் வாளி கிடைக்கிறது, மூடியில் பாதி உடைந்திருக்கிறது. மூடி தனியாகக் கிடைக்குமா?

வாளிமூடி:

கிடைப்பது கஷ்டம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் உடைக்காமல் திறந்து தருவார். மூடியின் ஓரத்தில் ஒரு கிழிபட்டை இருக்கும், அதை முழுசா உரித்துவிட்டு ஒரு பல் விட்டு ஒரு பல் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் டீச்சர் நகம் போய்விடும். இரண்டாவது வாளி வாங்கினால் அதே கம்பெனி வாளியாக இருக்கட்டும். மூடி மாறிப்போனால் பொருந்தாது. எந்தப் பள்ளியிலாவது கண்டிப்பாக மாறும்.